கலாமணி உட்கார்ந்தால்

தும்பைப்பாளையத்தில் பிறக்கிற குழந்தை தறிச் சத்தத்தில் பிறக்கிறது, தறிச் சத்தத்தில் தூங்குகிறது, வளர்ந்து ஆளாகித் தறிச் சத்தத்திலேயே கல்யாணம் கட்டி, சண்டை போட்டு, சமாதானமாகி, வயசாகி, ஒருநாள் தறிச் சத்தத்தின் நடுவிலேயே போய்ச் சேர்கிறது. எழவு வீட்டில் அழுகிறவர்கள்கூடப் பக்கத்துப் பட்டறையை மிஞ்சித்தான் அழ வேண்டும். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வெளியூர் ஓட்டலில் நாங்கள் இரண்டு இட்லி கேட்டால் பக்கத்து மேசைக்காரர் எழுந்து சண்டையை விலக்க வருவார். இப்படிப்பட்ட ஊரில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் ஒன்றில், தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றும் மிஷினில் வேலை பார்த்த கலாமணிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

முதலில் அதைச் சூடு என்றார்கள். எங்கள் ஊரில் எல்லா வியாதியும் சூட்டில்தான் ஆரம்பிக்கும். வெந்தயத்தை மோரில் ஊற வைத்துக் குடித்தாள், இளநீர் குடித்தாள், மாதுளம் தோலை அரைத்துக் குடித்தாள், கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டாள். கயிறு நைந்து அறுந்து விழுந்தது, வயிறு நிற்கவில்லை. பிறகு ரத்தம் போனது. தறி ஓட்டுகிற அவள் புருஷன் சென்னியப்பன், ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்.

"இது சரியாப் போற வியாதி இல்லம்மா. மாத்திரையில அடங்கும், மறுபடி கிளம்பும். சர்க்கரை வியாதி மாதிரி கூடவே வெச்சுக்கிட்டுப் பழகிக்கணும்" என்றார் டாக்டர்.

"எத்தன நாளைக்குங்க டாக்டர்?" என்று சென்னியப்பன் கேட்டான்.

"அவங்க இருக்கற வரைக்கும்."

சென்னியப்பன் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதான். கலாமணிதான் அவனுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்து, நான் சாகப்போவதாக டாக்டர் சொல்லவில்லை, சாகிற வரைக்கும் ஓடப்போவதாகத்தான் சொன்னார் என்று எடுத்துச் சொன்னாள்.

அவள் பழகிக்கொண்டாள். லைன் வீடுகளுக்கு எல்லாம் சேர்த்து வரிசையின் கடைசியில் ஒரே கக்கூஸ், அதற்குத் தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும், வாளியோடு போகிறவளை வாசலில் இருக்கிற எல்லோரும் பார்ப்பார்கள், ஒரே காலைப்பொழுதில் திரும்பத் திரும்பப் போகிறவளை இன்னும் நன்றாகப் பார்ப்பார்கள். அதையும் பழகிக்கொண்டாள். பஸ்ஸில் படியோரத்து சீட்டில் மட்டும் உட்கார, கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணமேடையைப் பார்க்கும் முன்னால் பின்கட்டைப் பார்த்துவைக்க, பையில் ஒரு பாவாடையும் சேலையும் எப்போதும் வைத்திருக்க, பாலை விட, காரத்தை விட, கடைசியில் கல்யாணங்களையே விட அவள் பழகிக்கொண்டாள். மாத்திரையில் முகம் உப்பி வட்டமானபோது, "இப்பத்தான் அம்மிணி நல்லாச் சதை புடிச்சிருக்குது" என்று சொன்னவர்களிடம் சிரித்துவைக்கவும் பழகிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வலியைவிட அந்த வெட்கம்தான் அவளைத் தின்றது.

அதற்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டறைகள் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்த முற்பகலில், அவள் வாளியோடு போய்த் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தாள். ஊர் நின்றது.

சுற்றுகிறது எதுவோ அது எல்லாம் நின்றது. தறிகள் நின்றன, தார் மிஷின்கள் நின்றன, கிரைண்டரில் உளுந்தும் மிக்ஸியில் தேங்காயும் பாதி அரைபட்டு நின்றன, தையல் மிஷினும் கிணற்று ராட்டினமும் சீலிங் ஃபேனும் நின்றன, கடிகாரங்களில் முள் நின்றது, கடைவீதியில் டவுன் பஸ் பிரேக் போட்ட குலுக்கல்கூட இல்லாமல் நின்றது. மொபெட்டில் போனவர்கள் விழவில்லை. பின்னாலிருந்து யாரோ கேரியரைப் பிடித்து மெல்ல நிறுத்தியதுபோல நின்று, காலை ஊன்றிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சற்று நேரம் கழித்து எல்லாம் விட்ட இடத்திலிருந்து சுற்றின. கலாமணி வெளியே வந்திருந்தாள்.

எங்கள் ஊரில் எது நின்றாலும் கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைப்போம். பஸ் டீசலில் ஓடுகிறது என்பதெல்லாம் கோபம் வந்தவனுக்கு ஞாபகம் வராது. ஒரு கூட்டமே கிளம்பிப் போய்க் கரண்ட் ஆபீசில் இருந்த வயர்மேன் மயில்சாமியைப் பிடித்துக்கொண்டது.

"கரண்ட் இருக்குதுங்க. லைட்டு எரியுது பாருங்க" என்றார் மயில்சாமி.

"லைட்டு எரிஞ்சு என்னத்துக்குங்க? தறி ஓடோணுமில்ல" என்றார்கள்.

அன்றைக்கே அது இன்னும் சில தடவை நின்றது, மறுநாளும் நின்றது. மயில்சாமி கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கி இளைத்துப்போனார். கடைசியில் மேலிடத்தில் மனுக் கொடுத்து டிரான்ஸ்பார்மரையே மாற்றினார்கள். புது டிரான்ஸ்பார்மருக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயைத் தரையில் அடித்த அதே நேரத்தில் கலாமணி உட்கார்ந்தாள். பூசணிக்காய் சுற்றுகிற பொருள் இல்லையாதலால் அது மட்டும் ஒழுங்காக உடைந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது காதுகள்தான். தறி நின்றதும் ஊரில் ஓர் அமைதி வந்தது, அப்படி ஒன்று உண்டு என்றே எங்களுக்கு அதுவரை தெரியாது. பிறந்ததிலிருந்து இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காத காதுகள் அந்த அமைதியில் எது கிடைத்தாலும் கேட்கத் தயாராக இருந்தன, அப்போது அவற்றுக்குக் கிடைத்தது பிளாஸ்டிக் வாளியில் சொம்பு உரசுகிற சத்தம். அதைத் தொடர்ந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அதற்கு முன்னால் கேட்ட, சொல்லக் கூடாத சத்தங்களும் சேர்ந்துதான் கேட்டன. பிறகு தாழ்ப்பாள் விலகும், உடனே தறி ஓடும். சில நாளில் இதை ஆடு மாடுகூடக் கண்டுபிடித்திருக்கும். எங்கள் ஊர் கண்டுபிடித்தது, ஆனால் யாரும் அவளிடம் சொல்லவில்லை. டீக்கடைக் கந்தப்பன்தான், பஸ்ஸுக்குள் பொறுமையிழந்த வெளியூர்க்காரர் ஒருவரிடம் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார்.

"சித்த பொறுங்க. நம்ம கலாமணி உக்காந்திருக்குது. எந்திரிச்சா வண்டி போயிரும்."

இந்தப் பேச்சு கலாமணியின் காதுக்கும் வந்தது. அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது என்று கணக்குப் போட்டுச் சாப்பிடுவதையும் நிறுத்தினாள். அந்த வியாதிக்கு இந்தக் கணக்குத் தெரியாது, வெறும் வயிற்றையும் அது பிழிந்தெடுத்தது. பக்கத்து வீட்டுச் சரசு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். சரசு அவளோடு ஒரே பட்டறையில் தார் சுற்றுகிறவள். கல்யாணமாகி வெகுகாலம் கோயில் கோயிலாக அலைந்தபின் இப்போதுதான் உண்டாகியிருந்தாள்.

"ஏனக்கா, நீ பட்டினி கெடந்தா ஆருக்கு லாபம்?" என்றாள் சரசு.

"ஊருக்கே கேக்குதாம் சரசு. நான் போறது ஊருக்கே கேக்குதாம்."

"கேக்கட்டும். அவங்கெல்லாம் போறதே இல்லையாக்கும்?"

"அவங்க போறது கேக்கலையே."

அடுத்த தடவை கலாமணி வாளியை எடுத்தபோது, சரசு ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கூடவே போய், கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று, ஊர் நின்ற அந்த நொடியிலிருந்து கலாமணி எழுந்து வருகிற வரைக்கும் தட்டை அடித்துக்கொண்டே இருந்தாள். வயிறு பெரிதாகப் பெரிதாகத் தட்டை அதன்மேலேயே சாய்த்துவைத்து அடித்தாள். அந்தப் பிள்ளை பிறந்தால் மேளக்காரனாகத்தான் பிறக்கும் என்று லைன் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

நின்ற ஊரும் பழகிக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, கலாமணி வியாதியோடு பழகியதைவிட ஊர் அவளோடு சீக்கிரம் பழகியது. தையல்காரர் அந்த நேரத்தில் காஜா எடுத்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நேரம் கழித்து வந்தால் வாத்தியார் காரணம் கேட்கவில்லை, கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில் 'ஏறக்குறைய' என்று அச்சடித்தார்கள். சண்டையிலேயே காலம் தள்ளிய புருஷன் பெண்டாட்டிகள், கத்தத் தேவையில்லாத அந்தச் சிறு பொழுதில், ஒருவர் குரலை ஒருவர் முதல்முறையாகக் கேட்டார்கள். தன் மனைவிக்கு இவ்வளவு மெல்லிய குரலா என்று அதிசயப்பட்ட ஒருவர், அதே குரலில் அவள் திட்டுவதையும் கேட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய ஊரிலிருந்து அடக்கிக்கொண்டே வந்த பெண்கள் பஸ் நின்றதும் இறங்கி, கடைவீதிப் பொதுக் கழிப்பிடத்துக்கு நிம்மதியாகப் போய்வந்தார்கள், அவர்கள் போகத் தொடங்கியதால் பஞ்சாயத்தில் அதைக் கழுவத் தொடங்கினார்கள். மூலம் உள்ளவர், சர்க்கரை உள்ளவர், நீர் சொட்டுச் சொட்டாகப் போகிறவர் எல்லோரும், இத்தனை நாள் வாயைத் திறக்காதவர்கள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் தங்கள் கோளாறை விலாவாரியாகப் பேசினார்கள். கேட்டுக்கொண்டே வடை தின்ன முடியவில்லை என்பதுதான் கந்தப்பனின் ஒரே குறை.

கலாமணியின் முகம் மாறினால் ஊருக்குத் தெரிந்துவிடும். ரேஷன் கடை வரிசையோ சந்தையோ, அவள் நெற்றியில் வேர்வை அரும்புவதைப் பார்த்தவுடன் கூட்டம் தானாக விலகி வழிவிடும், எந்த வீட்டுக் கதவானாலும் திறக்கும், "நம்மூட்டுக்கு வா அம்மிணி, தண்ணி ரொப்பி வெச்சிருக்குது" என்று கூப்பிடுவார்கள். அவள் சீக்கிரம் போனால்தான் தறி சீக்கிரம் ஓடும் என்கிற சுயநலம் அதில் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஊரில் யாருக்கும் நேரமில்லை.

அதே சமயம் அவள் வாய்க்குள் போகிறது ஊர்ப் பொதுக் காரியம் ஆகிவிட்டது. காய்கறிக்காரி அவளுக்குப் பச்சை மிளகாய் கொடுக்க மாட்டேன் என்றாள். கந்தப்பன் பால் டீ போட மறுத்தார். மறுபடி போகத் தொடங்கிய விருந்துகளில் அவள் இலைக்கு மட்டும் ரசம் வராது. ஒருநாள் இதெல்லாம் பொறுக்காமல் அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஊரே பார்க்க நடுவில் நின்று, மிளகாய் பஜ்ஜி வாங்கி நிதானமாகத் தின்றாள். யாரும் தடுக்கத் துணியவில்லை. அன்றைக்குப் பிற்பகல் முழுவதும் ஊர் நின்றது, அவளும் பட்டபாடு கொஞ்சமல்ல, ஆனால் பஜ்ஜி நன்றாக இருந்ததாகச் சரசுவிடம் சொன்னாள்.

எல்லாம் சரிதான், துணிதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓடுகிற தறி நின்று மறுபடி எடுத்தால் அந்த இடத்தில் துணியில் ஒரு கோடு விழும், லேசான கோடு, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். வடக்கே இருந்து துணி எடுக்கிற வியாபாரிகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர்கள். தும்பைப்பாளையத்துத் துணி திரும்பி வந்தது, மறுபடியும் வந்தது. விசைத்தறி உரிமையாளர் சங்கத் தலைவர் அர்த்தநாரி கெட்டவர் இல்லை, ஆனால் குடோன் நிறையக் கோடு விழுந்த துணியோடு ஒருவர் எவ்வளவு நாள் நல்லவராக இருக்க முடியும்?

சங்கத்தில் முதலில் பரிகாரம் பார்த்தார்கள். கக்கூஸின் வாசல் திசை சரியில்லை என்று மேற்கே பார்த்ததைக் கிழக்கே திருப்பினார்கள். தாழ்ப்பாளில்தான் தோஷம் என்று ஒருவர் சொல்லத் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள், சரசு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. பீங்கானில் உட்கார்ந்தாலும் ஊர் நின்றது, வெட்டவெளியில் கரட்டோரம் உட்கார்ந்தாலும் நின்றது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் எதுவும் நிற்பதில்லை, பாலத்தைத் தாண்டி அவள் உட்கார்ந்தால் எங்கும் எதுவும் நிற்கவில்லை. ஆகவே சங்கம் கூடி, அவளையும் சென்னியப்பனையும் வரச்சொன்னது.

"பாலத்துக்கு அக்கட்டால ஒரு வீடு பாத்திருக்கறோம் அம்மிணி" என்றார் அர்த்தநாரி. அவர் அவளுக்குத் தூரத்து வழியில் மாமன் முறை. "உள்ளுக்குள்ளயே கக்கூசு. பைப்பத் திருகுனாச் சுடுதண்ணி. வாளி தூக்கற வேலையே இல்ல. வாடகை சங்கத்துது. உன்னையத் தொரத்தறோம்னு நெனச்சுக்காத."

"ரோசன பண்ணிச் சொல்றனுங் மாமா" என்றாள் கலாமணி.

வீட்டுக்கு வருகிற வழியில் சென்னியப்பன், "சுடுதண்ணியாமே" என்றான். அவளுக்கும் அந்த வீட்டின்மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறபோதெல்லாம் அந்தப் பெரிய ஊரை அவள் பார்த்திருந்தாள். அங்கே ஒவ்வொரு கடைக்காரரிடமும் போய் அவசரம் என்று சொல்ல வேண்டும், என்ன அவசரம் என்று அவர் கேட்பார், சாவி இல்லை என்பார், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி வியாதியை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இங்கே அவள் யாருக்கும் எதையும் சொல்லத் தேவையில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டால் அப்புறம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எந்த வெட்கம் அவளைத் தின்றதோ அதை ஊர் அவள் அறியாமலே கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குபோட்டுக்கொண்டுவிட்டது. இதையெல்லாம் சங்கத்தில் எழுந்து சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

அதற்குள் மாரியம்மன் நோம்பி வந்து, திருவிழாவுக்கு ஊரறியப் பறையடித்துச் சாட்டிவிட்டார்கள். சாட்டுப் போட்டுக் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி வெளியே தங்கக் கூடாது. பகலில் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். சங்கம் வேறு, சாமி வேறு. ஆகவே மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள் வண்டி வைத்துச் சாமான்களை ஏற்றுவது என்று ஏற்பாடாகி, சென்னியப்பன் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தான். கலாமணிக்கு அந்த மூட்டைகளைப் பார்க்கப் பார்க்க வயிறு மோசமானது. நோம்பி நாட்களில் ஊர் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நின்று நின்று ஓடியது.

மஞ்சள் நீராட்டு அன்று பட்டறைகளுக்கு விடுமுறை. கடைவீதி முழுக்க அண்டா அண்டாவாக மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்து, வேப்பிலை போட்டு, பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். முறைக்காரர்கள் மேல், மாமன் மச்சான் கொழுந்தன் என்று பார்த்துப் பார்த்து ஊற்ற வேண்டியது. அந்தக் காலையில், சொன்ன தேதிக்கு வெகு முன்னாலேயே, சரசுவுக்கு வலி கண்டது. வலியோடு ரத்தமும் போனது. ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த நர்ஸ் சேலையைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு உடனே போயாக வேண்டும், வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது என்றாள். வெளியூர்ப் பெண், எங்கள் ஊர் எதனால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த சரசு கலாமணியின் கையைப் பிடித்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, நீ போயிட்டு வந்துட்டியா?" என்று கேட்டாள்.

"இப்பத்தான் கண்ணு. நீ போ, நான் இருந்துக்கறேன்."

அவள் சொன்னது பொய் இல்லை. ஆனால் இப்பத்தான் போய்வந்தோம் என்பதற்கு அந்த வியாதியில் ஒரு மதிப்பும் கிடையாது.

ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு லைன் வீட்டுச் சந்திலிருந்து திரும்பி, கடைவீதிக் கூட்டத்துக்குள் புகுந்து, அண்டாக்களுக்கும் ஆட்களுக்கும் நடுவே ஊர்ந்தது. கலாமணி அதன் பின்னாலேயே நடந்தாள். கடைவீதி முடிகிற இடத்தில் ஆம்புலன்ஸ் கூட்டத்தை விட்டு வெளிப்பட்டு வேகமெடுத்தது. பாலத்துக்கு இன்னும் ஒரு நீள ரோடு பாக்கி இருந்தது, சந்தைமேட்டைச் சுற்றி, வாய்க்கால் கரையோரமாகப் போகிற ரோடு. அப்போது அவளுக்கு வந்தது.

அவள் முகம் மாறியதை ஊர் பார்த்தது. பழக்கதோஷத்தில் கூட்டம் இரண்டாகப் பிளந்து பொதுக் கழிப்பிடம் வரைக்கும் வழி விட்டது. எதிரில் புது வேட்டி சட்டையில் அர்த்தநாரி நின்றிருந்தார்.

"போ அம்மிணி, போ. எங்கூட்டுக் கதவும் தொறந்துதான் கெடக்குது" என்றார்.

கலாமணி தலையை ஆட்டினாள். வேப்பிலை கட்டியிருந்த விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி இன்னும் பாலத்துக்கே போகலீங் மாமா."

கடைவீதி மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. தறி ஓடாத நாள், அதனால் சந்தைமேட்டுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் கூவிக்கொண்டு போவது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. வழியில் யாராவது மாட்டு வண்டியை நிறுத்தியிருக்கக் கூடாதே என்று இளவட்டங்கள் கொஞ்சப் பேர் அந்தத் திசையில் ஓடினார்கள். மற்றவர்கள் கலாமணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கண்ணை மூடியிருந்தாள், கம்பத்தைப் பிடித்த விரல்களில் ரத்தமே இல்லை. அவள் உட்கார்ந்தால் ஊர் நிற்கும் என்று ஊருக்குத் தெரியும். அவள் உட்காராமல் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. அவளுக்கும் தெரியாது. உட்காரக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளால் அடக்க முடியவில்லை. எத்தனையோ வருஷமாகப் படியோரத்து சீட்டும் பையில் மாற்றுச் சேலையும் பட்டினியும் பொய்ச் சிரிப்புமாக எதை வரவிடாமல் காத்து வந்தாளோ அது, நோம்பி நாளில், நட்ட நடுக் கடைவீதியில், ஊர் முழுக்கக் கூடியிருக்க, அவள் நின்றபடி இருக்கையிலேயே நடந்தது. புதுச் சேலை நனைந்தது. வாடை எழுந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை, காதை மட்டும் வாய்க்கால் பக்கம் வைத்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் நிற்கவில்லை. கூவிக்கொண்டே போனது.

முதலில் அசைந்தது கந்தப்பன் சம்சாரம் பொன்னாத்தா. கொழுந்தன்மேல் ஊற்றுவதற்காக இடுப்பில் வைத்திருந்த குடத்தோடு அவள் நடந்துபோய், கலாமணியின் தலையோடு ஊற்றினாள். அந்தக் குடம் காலியாவதற்குள் இன்னொருத்தி வந்து ஊற்றினாள். பிறகு இன்னொருத்தி. மஞ்சள் தண்ணீர் முறை உள்ளவர்கள்தான் ஊற்ற வேண்டும், எந்தத் தெரு யார் மேல் ஊற்றலாம் ஊற்றக் கூடாது என்பதெல்லாம் எங்கள் ஊரில் கறாரானது. அதற்காக மண்டை உடைந்த நோம்பிகள் உண்டு. அன்றைக்கு யாரும் முறை கேட்கவில்லை, தெருக் கேட்கவில்லை. காய்கறிக்காரி ஊற்றினாள், வாத்தியார் சம்சாரம் ஊற்றினாள், ஊற்றியவர்கள் மேல் பின்னால் வந்தவர்கள் ஊற்றினார்கள், அண்டாக்களை அப்படியே கவிழ்த்தார்கள். கடைவீதி முழுக்க முழங்கால் வரை மஞ்சள் சேறானது, எல்லாச் சேலையும் ஒரே நிறமானது, எல்லோர் மேலும் வேப்பிலை ஒட்டியது, யார்மேல் என்ன இருந்தது என்று இனிச் சாமி வந்தாலும் சொல்ல முடியாது.

கலாமணி கண்ணைத் திறந்தாள். எதிரில் அர்த்தநாரி மட்டும் இன்னும் வெள்ளையாக நின்றிருந்தார். அவர்மேல் ஊற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை போலும். அவள் பக்கத்தில் இருந்தவளிடமிருந்து குடத்தை வாங்கினாள். மாமன் முறைதானே. அவர் நகரவில்லை, தலையை மட்டும் குனிந்து கொடுத்தார். அவள் கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாக ஊற்றினாள்.

பாலத்துக்கு ஓடிய இளவட்டங்களில் ஒருவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, வண்டி தாண்டிவிட்டது என்றான். கலாமணி அதன்பிறகுதான் கம்பத்தை விட்டாள். அவள் எங்கே போகிறாள் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிவந்த பையனின் கைக்கடிகாரத்தில் முள் நின்றது, எதிர்சாரியில் ஒரு பஸ் நின்றது, பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் இறங்கி வந்தார்கள், அவர்கள் மேலும் ஊற்றினார்கள்.

சரசுவுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள் என்று பிற்பகலில் போன் வந்தது. ஊர் மரியாதைக்குப் பிள்ளைக்குக் கலாமணி என்று பெயர் வைப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம், அவர்கள் நியூமராலஜி பார்த்து வாயில் நுழையாத வேறு பெயர் வைத்தார்கள்.

போன் வந்த கொஞ்ச நேரத்தில் அர்த்தநாரி லைன் வீட்டுக்கு வந்தார். குளித்திருந்தார், ஆனாலும் காது மடலிலும் நகக் கண்ணிலும் மஞ்சள் போகவில்லை. சென்னியப்பன் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார்.

"நாளைக்கு வண்டி வேண்டாம்னு சொல்லிட்டேன் அம்மிணி" என்றார். "துணியில கோடு உளுகறத, அதுதான் எங்கூர் டிசைனுன்னு சொல்லி வித்துக்கறோம். வாங்கறவன் வாங்கட்டும்."

"சரிங் மாமா" என்றாள் கலாமணி. அவள் நெற்றியில் வேர்வை அரும்பியது. மூலையில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சித்த வழி விடுங்க."

அவர் வழி விட்டார். விட்டுவிட்டு, சென்னியப்பன் போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஃபேன் நிற்பதற்காகக் காத்திருந்தார்.